99.9 போனாலும் மிச்சம் ஒரு லட்சம்

கடையில் விற்கும் கிருமிநாசினி பாட்டில் எதை எடுத்துப் பார்த்தாலும் "99.9 சதவீதம் கிருமிகளைக் கொல்லும்" என்ற வாசகம் பளிச்சென்று தெரியும். நூற்றுக்கு 99.9 வாங்கிய பிள்ளையை யார்தான் குறை சொல்வார்கள்? நாமும் நம்பி வாங்கி வருகிறோம். அந்த வாசகம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், அந்தப் பரீட்சையை வைத்தது எந்தக் கிருமிக்கு? அது தண்ணீரில் மிதந்துகொண்டிருந்ததா, எங்காவது ஒட்டிக்கொண்டிருந்ததா? எத்தனை நிமிடம் மருந்தில் ஊறியது? இந்த மூன்று கேள்விகளையும் நாம் கேட்பதில்லை. கேட்டால் 99.9 என்ற எண்ணின் முகமே மாறிவிடும்.

நான் டாக்டர் அல்ல, விஞ்ஞானியும் அல்ல. சிவில் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, ஐ.ஓ.டபிள்யூ. என்றும் பிறகு செக்‌ஷன் என்ஜினீயர் என்றும் பெயர் மாறிய ஒரே வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவன். கட்டடம், பிளாட்பாரம், சாக்கடை, குடிதண்ணீர் எல்லாம் எங்கள் தலையில்தான். அதில் குடிதண்ணீர்தான் அதிகம் தூக்கத்தைக் கெடுத்தது. பாலத்தில் விரிசல் கண்டால் கண்ணுக்குத் தெரியும். குழாய்க்குள் நடப்பது யாருக்குத் தெரியும்?

குழாய்க்குள் சளி

மத்திய இந்தியாவில் ஒரு ஜங்ஷன். பெயர் வேண்டாம். அங்கே ரயில்வே காலனியின் கடைசி வரிசைக் குவார்ட்டர்ஸ்களில் மட்டும் குழந்தைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. ஒரு கலாசியின் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது. ஓவர்ஹெட் டேங்கில் தண்ணீர் எடுத்துச் சோதித்தால் குளோரின் நன்றாக இருக்கும். சோதனைக் குழாயில் மருந்துத் துளி விட்டதும் மஞ்சள் நிறம் அழகாக வரும். அதே தண்ணீரைக் கடைசி வீட்டுக் குழாயில் பிடித்தால் நிறமே வராது. குடிதண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். அங்கே அது பூஜ்யம்.

பிளீச்சிங் பவுடரைக் கூட்டிப் போடச் சொல்லி உத்தரவு வந்தது. கூட்டினோம். டேங்குக்கு அருகில் இருந்த வீட்டார், தண்ணீரில் மருந்து வாடை தாங்கவில்லை என்று சண்டைக்கு வந்தார்கள். கடைசி வரிசையில் மட்டும் நிலைமை மாறவே இல்லை. பழைய வார்ப்பிரும்புக் குழாய் அது. கடைசியில் ஒரு துண்டை அறுத்து வெளியே எடுத்தோம். எங்கள் பிட்டர், மராட்டியக்காரர், உள்ளே விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்து என்னிடம் காட்டினார். துருக் கட்டிகளின் மேல் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஒரு பூச்சு. "சாப், குழாய்க்குச் சளி பிடித்திருக்கிறது" என்றார் இந்தியில். அதைவிடப் பொருத்தமான வர்ணனையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அந்தச் சளிக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் பயோஃபிலிம். தமிழில் நுண்ணுயிர்ப் படலம் எனலாம். நாங்கள் போட்ட குளோரினையெல்லாம் வழியிலேயே அந்தப் படலமும் துருவும் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது காவல் இல்லாத தண்ணீர். அந்த லைனை மாற்றி, வாஷ்-அவுட் வால்வு வைத்து, வாரம் ஒரு முறை வேகமாகத் தண்ணீரைத் திறந்துவிட ஏற்பாடு செய்த பிறகுதான் குளோரின் கடைசிக் குழாய் வரை வந்தது, புகாரும் நின்றது.

படலம் என்பது என்ன?

காலையில் எழுந்ததும் பல்லில் நாக்கை ஓட்டிப் பாருங்கள். வழுவழுவென்று ஒரு மாவு தட்டுப்படும். அது ஒரு படலம். குளியலறை மூலையில் கால் வழுக்குவது, கூலர் தொட்டியின் அடியில் கை வைத்தால் வழுக்குவது, பூச்சாடித் தண்ணீரில் தண்டைச் சுற்றியிருப்பது எல்லாமே அந்தச் சாதிதான்.

ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரத்தில் ஜவுளி வியாபாரம் செய்த லீவன்ஹுக், தானே தேய்த்த கண்ணாடி வில்லையால் 1680-களில் தன் பல்மாவைப் பார்த்தார். அதில் சிறு பிராணிகள் துள்ளுவதைக் கண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். வினிகரால் வாயைக் கொப்பளித்துப் பார்த்தபோது, மாவின் மேற்புறத்தில் இருந்தவை செத்தன. உள்ளே இருந்தவை பிழைத்துக்கொண்டன என்பதையும் குறித்து வைத்தார். நம் கட்டுரையின் சாரம் முழுவதும் அந்த ஒரு குறிப்பில் அடங்கிவிட்டது. ஆனால் உலகம் அதைத் திரும்பிப் பார்க்க ஏறக்குறைய முந்நூறு ஆண்டு ஆயிற்று.

காரணம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் நுண்ணுயிரியல் வளர்ந்தபோது, ஒரு கிருமியைத் தனியே பிரித்து, போஷாக்குள்ள திரவத்தில் மிதக்கவிட்டு வளர்ப்பதே முறையாக அமைந்தது. காலராவையும் காசநோயையும் கண்டுபிடிக்க அந்த முறை பேருதவி செய்தது. ஆகவே, கிருமி என்றால் மிதக்கும் என்பதே எல்லோர் மனத்திலும் பதிந்துவிட்டது. 1943-ல் அமெரிக்கக் கடலியல் விஞ்ஞானி கிளாட் ஸோபெல், பாட்டிலில் பிடித்த கடல்நீரில் கிருமிகள் கண்ணாடிச் சுவரை நாடி ஒட்டுவதைப் பற்றி எழுதினார். 1978-ல் கனடா நாட்டின் கால்கரியில் இருந்த பில் காஸ்டர்ட்டனும் அவருடைய சகாக்களும் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில், இயற்கையில் கிருமிகளுக்கு ஒட்டி வாழ்வதே வழக்கம் என்று விளக்கினார்கள். அதன் பிறகுதான் இத்துறை சூடு பிடித்தது. 1990-ல் அமெரிக்காவில் மான்டானா மாநிலத்துப் போஸ்மன் நகரப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு மையம் தொடங்கப்பட்டது. அதன் பெயரிலேயே 'என்ஜினீயரிங்' இருக்கிறது. தொடங்கிய காரக்லிஸ் என்பவரும் பொறியியல் பேராசிரியர்தான். குழாய், தொட்டி, நீரோட்டம் என்று வந்துவிட்டால் எங்களைப் போன்றவர்களுக்கும் அதில் இடம் உண்டு என்று நினைக்க எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருக்கிறது.

படலம் உருவாகும் விதம் இதுதான். சுத்தமான பரப்பு தண்ணீரில் பட்டதும் தண்ணீரில் கரைந்துள்ள கரிமப் பொருள்கள் அதில் மெல்லியதாகப் படிகின்றன. மிதந்து வரும் கிருமிகளில் சில அதில் ஒட்டுகின்றன. முதலில் அது தளர்ந்த ஒட்டு, அலசினாலே போய்விடும். கொஞ்சம் நேரம் கொடுத்தால் தங்களைச் சுற்றிப் பசை சுரக்கத் தொடங்குகின்றன. சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், செத்த அணுக்களின் டி.என்.ஏ. எல்லாம் கலந்த பசை அது. அதற்குள் பெருகிக் கூட்டமாக வாழ்கின்றன. நீர் போய்வர இடையிடையே வாய்க்கால்கூட இருக்கும். கூட்டம் பெருத்ததும் சில பிரிந்து நீரோடு போய் அடுத்த இடத்தில் குடியேறும். நம் காலனி வளர்ந்த கதையேதான்.

மருந்து ஏன் தோற்கிறது?

முதல் காரணம், மருந்து உள்ளே போய்ச் சேர்வதில்லை. குளோரின் எதைக் கண்டாலும் வினை புரியும் பொருள். பசையோடும் மேல் அடுக்குக் கிருமிகளோடும் வினை புரிந்தே செலவழிந்துவிடும். 1994-ல் போஸ்மன் விஞ்ஞானிகள் ஊசிமுனை போன்ற மின்முனையைப் படலத்துக்குள் செருகி அளந்து பார்த்தார்கள். வெளியே தண்ணீரில் இருந்த குளோரினில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் உள்ளே இருந்தது.

இரண்டாவது, அடி அடுக்கில் உணவும் ஆக்ஸிஜனும் குறைவு. அங்கே இருப்பவை வளராமல் சோம்பிக் கிடக்கும். வளரும் கிருமியைத் தாக்குவதற்கென்று அமைந்த ஆன்டிபயாடிக் மருந்துகள் பல, தூங்குகிறவனிடம் தோற்றுப்போகும்.

மூன்றாவது, படலம் பிடித்திருக்கும் பரப்பு. 1990-ல் அமெரிக்காவில் குடிநீர்க் குழாய் மாதிரிகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்றில், கால்வனைஸ் குழாய், செம்பு, பி.வி.சி. ஆகியவற்றில் இருந்த படலத்துக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் வேலை செய்தது. துருப்பிடிக்கும் இரும்புக் குழாயில் 3, 4 மில்லிகிராம் கொடுத்தும் பலன் இல்லை. என் காலனிக் குழாயின் ஜாதகம் அப்படியே அதில் எழுதியிருந்தது.

இன்னொரு விந்தையும் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், புண்ணைச் சுத்தம் செய்யும் அயோடின் கரைசலிலேயே சூடோமோனாஸ் வகைக் கிருமி உயிரோடு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. கிருமியைக் கொல்லும் மருந்துக்குள் கிருமி! தயாரிக்கும் இடத்துக் குழாய்களின் உட்புறத்தில் ஒட்டியிருந்த படலத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. பிறகு பி.வி.சி. குழாய்த் துண்டுகளில் இதைச் செய்து பார்த்தார்கள். கிருமிநாசினியை நாள் கணக்கில் நிரப்பி வைத்து வடித்த பிறகும், சுத்தமான தண்ணீரை ஊற்றியதும் கிருமிகள் மறுபடி தலைகாட்டின.

பழைய பரீட்சைகள்

பினாயில் டின்னில் 'ஆர்.டபிள்யூ.சி.' என்று எழுதி ஒரு எண் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டோர்ஸில் பினாயில் வாங்கும்போது நாங்களும் அந்த எண்ணைத்தான் பார்ப்போம். ரிடீல், வாக்கர் என்ற இருவர் 1903-ல் வகுத்த முறை அது. டைபாய்டு கிருமியைத் திரவத்தில் மிதக்கவிட்டு, ஒரு பக்கம் பீனால், மறு பக்கம் நம் சரக்கு, இரண்டையும் பல அளவில் நீர் கலந்து ஊற்றுவார்கள். குறித்த நிமிடங்களுக்குள் கொல்ல எது எவ்வளவு நீர்த்த நிலையிலும் போதுமானதாக இருக்கிறது என்று ஒப்பிட்டால் எண் வந்துவிடும். எண் 5 என்றால் அந்தப் பரீட்சையில் பீனாலைப் போல் 5 மடங்கு வீரியம். சரக்குக்குச் சரக்கு ஒப்பிட எளிதான, மலிவான முறை. ஆனால் பரீட்சை எழுதியது மிதக்கும் கிருமி.

அடுத்து வந்தது, சிறு எவர்சில்வர் உருளைகளில் கிருமியைத் தடவி, உலர்த்தி, மருந்தில் முக்கி எடுக்கும் முறை. பரப்பில் இருக்கும் கிருமி என்ற அளவில் இது ஒரு படி மேல். என்றாலும் உலர்ந்த கிருமி வேறு; பசை கட்டிக் குடித்தனம் நடத்தும் கிருமி வேறு. வெயிலில் காயும் மண்கட்டியை உடைத்துவிட்டு, கான்கிரீட்டையும் உடைப்பேன் என்று சொல்ல முடியுமா?

படலத்தை வளர்த்துப் பரீட்சை வைப்பது

ஆகவே, முதலில் ஆய்வுக்கூடத்திலேயே ஒரே மாதிரியான படலத்தை, எப்போது வேண்டுமானாலும் வளர்க்கத் தெரிய வேண்டும். இதற்குப் பல கருவிகள் உண்டு. 1999-ல் கால்கரிக் குழுவினர் ஒரு தட்டு மூடியில் சீப்புப் பற்கள் போல 96 முளைகளை வைத்து, ஒவ்வொன்றிலும் படலம் வளர்த்து, 96 குழிகளில் மருந்துகளைப் பார்க்கும் சாதனத்தை வெளியிட்டார்கள். மிதக்கும் கிருமிக்குப் போதுமான ஆன்டிபயாடிக் அளவைப்போல் 100 மடங்கு, 1,000 மடங்குகூடச் சில மருந்துகளுக்குத் தேவைப்பட்டது.

இன்று கிருமிநாசினிகளுக்கு அதிகம் பயன்படுவது சி.டி.சி. ரியாக்டர். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பெயர் அது. பார்த்தால் மூடி போட்ட கண்ணாடி பீக்கர்தான். மூடியில் இருந்து 8 கம்பிகள் தொங்கும். ஒவ்வொன்றிலும் சட்டைப் பட்டன் அளவில் 3 கண்ணாடி வில்லைகள், ஆக 24. குறுக்களவு 12.7 மில்லிமீட்டர், நம் பாஷையில் அரை அங்குலம். நடுவில் ஒரு துடுப்பு சுழலும். சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற கிருமிக்கு நிமிடத்துக்கு 125 சுற்று. குழாய்ச் சுவரில் நீர் உரசிக்கொண்டு ஓடுவதற்கு இது ஈடு.

முதல் 24 மணி நேரம் பீக்கரில் உணவுத் திரவமும் கிருமியும் இருக்க, துடுப்பு மட்டும் சுழலும். அடுத்த 24 மணி நேரம் ஒரு பக்கம் புதிய திரவம் வந்துகொண்டிருக்க, மறு பக்கம் வழிந்துகொண்டிருக்கும். பீக்கரில் நிற்பது சுமார் 350 மில்லிலிட்டர். அது முழுவதும் 30 நிமிடத்துக்கு ஒரு முறை மாறும்படி ஓட்டத்தை வைப்பார்கள். மிதக்கும் கிருமி இரட்டிப்பதற்குள் வெளியே அடித்துச் செல்லப்பட வேண்டும் என்பதே இந்தக் கணக்கு. கரையைப் பற்றிக்கொண்டவை மட்டும் தங்கும். இந்த இடத்தைப் படித்தபோது, இதை யோசித்தவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போல் இருந்தது எனக்கு.

48 மணி நேரம் ஆனதும் வில்லைகளை எடுத்து, தளர்ந்து ஒட்டியிருப்பவை போக ஒரு முறை அலசி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் குழாயில் போடுவார்கள். போடும்போது படலம் சிதறிக் குழாயின் மேல் சுவரில் பட்டால், அங்கே மருந்து எட்டாது, பிழைத்துக்கொள்ளும். அதனால் தற்காலிகமாக ஒரு தடுப்பு உறையைச் செருகி, வில்லையைப் போட்டபின் உறையை எடுத்துவிடுவார்கள். பிறகு 4 மில்லிலிட்டர் மருந்து. லேபிளில் எத்தனை நிமிடம் என்று போட்டிருக்கிறதோ அத்தனை நிமிடம். அந்த விநாடியே 36 மில்லிலிட்டர் முறிப்பு மருந்து ஊற்றப்படும். குளோரினுக்கு முறிப்பு சோடியம் தயோசல்ஃபேட். இது இல்லாவிட்டால், எண்ணி முடிக்கும் வரை மருந்து வேலை செய்துகொண்டே இருக்கும். 5 நிமிட மருந்துக்கு ஒரு நாள் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்த முறிப்பு தன் வேலையைச் செய்கிறதா, தானே கிருமியைக் கொல்கிறதா என்பதற்கும் தனிச் சோதனை உண்டு.

அடுத்து, ஒட்டியிருப்பதைப் பிரிக்க வேண்டும். 30 விநாடி வேகமாகக் குலுக்கல், 30 விநாடி செவிக்கு எட்டாத ஒலி அதிர்வு, மறுபடி குலுக்கல், மறுபடி ஒலி, கடைசியாக ஒரு குலுக்கல். இந்தப் படியை அலட்சியமாகச் செய்தால் என்ன ஆகும்? ஆயிரம் கிருமி சேர்ந்த ஒரு கட்டி உடையாமல் தட்டில் விழுந்தால் ஒரே ஒரு புள்ளியாகத்தான் வளரும். ஆயிரம் ஒன்றாகிவிடும். மருந்து செய்யாத வேலைக்கு மருந்துக்கு மாலை விழும். பிரித்தபின் பத்துப் பத்து மடங்காக நீர்த்து, உணவுக்கூழ்த் தட்டில் பரப்பி, அடைகாத்து, மறுநாள் புள்ளிகளை எண்ணுவார்கள். மருந்துக்குப் பதில் வெறும் தாங்கல் கரைசலில் போட்ட வில்லைகளையும் இதே மாதிரி எண்ணுவார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மதிப்பெண்.

மதிப்பெண் கணக்கு

ஒரு வில்லையில் 10 கோடி கிருமி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தச் சோதனையில் அது சர்வ சாதாரணம். 90 சதவீதம் செத்தால் மிச்சம் 1 கோடி. 99 சதவீதம் என்றால் 10 லட்சம். நாம் கொண்டாடும் 99.9 சதவீதம் என்றால் மிச்சம் 1 லட்சம்! அரை அங்குல வில்லையில் ஒரு லட்சம் பேர் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். 99.99 என்றால் 10,000. 99.999 என்றால் 1,000. 99.9999 என்றால் 100. ஒவ்வொரு பூஜ்யம் குறைவதையும் ஒரு 'லாக்' என்பார்கள். பாட்டில் வாசகம் 3 லாக். கடைசியில் சொன்னது 6 லாக்.

நூறு கிருமி மிஞ்சினால் என்ன என்று கேட்கலாம். நல்ல உணவும் சூடும் கிடைத்து, அரை மணிக்கு ஒரு முறை இரட்டித்தால், 20 இரட்டிப்பில் நூறு மறுபடி 10 கோடி ஆகிவிடும். அதாவது 10 மணி நேரம். தொட்டியில் அவ்வளவு விருந்து கிடைக்காது, வேகம் குறையும். ஆனால் ஒரு லட்சம் மிஞ்சினால் பாதித் தூரம் முன்கூட்டியே கடந்தாயிற்று.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனமான இ.பி.ஏ. 2017-ல் இதற்கு வழிகாட்டி வெளியிட்டது. நீர் உறிஞ்சாத கடினமான பரப்பில் உள்ள படலத்தைக் கொல்லும் என்று லேபிளில் போட விரும்பும் மருந்து, சூடோமோனாஸ் ஏருஜினோசா, ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் ஆகிய கிருமிகளின் படலத்தில் இந்த ரியாக்டர் முறைப்படி சோதிக்கப்பட வேண்டும். குறைந்தது 6 லாக் குறைய வேண்டும். சாதாரணக் கிருமிநாசினி என்ற பெயரை வைத்துக்கொண்டு 'படலத்தையும் கொல்லும்' என்று சேர்த்து எழுதிவிட முடியாது.

இந்தப் பரீட்சைக்கும் எல்லை உண்டு

பாலத்தில் சுமை ஏற்றிப் பரிசோதித்தால் அன்றைய சுமைக்கு அன்றைய பாலம் தாங்கியது என்று மட்டுமே பொருள். இங்கும் அப்படித்தான். ரியாக்டரில் வளர்வது ஒரே வகைக் கிருமியின் இரண்டு நாள் படலம். நம் தொட்டியில் இருப்பது பல வகை சேர்ந்த, மாதக்கணக்கான படலம். அதில் மண்ணும் சுண்ணாம்பும் துருவும் கலந்திருக்கும். கண்ணாடி வில்லையில் 6 லாக் வாங்கிய மருந்து சொரசொரப்பான சிமெண்டுச் சுவரில் அதே மார்க் வாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. கண்ணாடிப் பரீட்சையிலேயே தேறாத மருந்து சிமெண்டில் தேறாது என்று மட்டும் தைரியமாகச் சொல்லலாம்.

இன்னொன்று. இந்தப் பரீட்சை பார்ப்பது உயிரோடு எத்தனை மிச்சம் என்பதை. செத்த படலம் சுவரை விட்டுப் போயிற்றா என்பதை அல்ல. இடிந்த வீட்டின் அஸ்திவாரம் அப்படியே இருந்தால் புது ஆள் குடிவரச் சௌகரியம்தானே? செத்த பசை அடுத்து வருகிறவனுக்கு மெத்தையாகவும் சாப்பாடாகவும் ஆகிறது. கர்டருக்குப் பெயின்ட் அடிக்கும் முன் துருவைச் சுரண்ட வேண்டும் என்று ரயில்வேயில் முதல் பாடமாகச் சொல்லித் தருவார்கள். துருவின் மேல் எத்தனை கோட்டு அடித்தாலும் ஒரு மழைக்காலம் தாங்காது. சளியின் மேல் ஊற்றும் மருந்தும் அப்படியே.

நம் மண்டபத் தொட்டி

நம் சங்க மண்டபத்தின் மாடித் தொட்டியைத் தேய்த்துக் கழுவ ஆள் கிடைப்பதில்லை, கூலியும் ஏறிவிட்டது, ஆண்டுக்கு இரண்டு முறை நல்ல கிருமிநாசினியை ஊற்றித் திறந்துவிட்டால் போதாதா என்று நிர்வாகக் குழுவில் பேச்சு வந்திருக்கிறது. கேட்டவர்கள் சங்கப் பணத்தைச் சிக்கனமாகச் செலவழிக்க நினைக்கும் நல்லவர்கள். ஆனால் பாலர் வகுப்புக் குழந்தைகள் குடிப்பதும், சித்திரை விழாவில் மோர் கலப்பதும் அந்தத் தண்ணீர்தான். சர்க்கரை வியாதியும் முதுமையும் உள்ள உறுப்பினர்கள் நம்மில் பாதிப் பேர். ஆகவே என் கருத்து இது: மருந்து வேண்டும், ஆனால் பிரஷ் முதலில்.

செய்ய வேண்டிய முறை ஒன்றும் பிரமாதம் இல்லை. தொட்டியை வடித்து, அடியில் உள்ள சகதியை அள்ள வேண்டும். சுவர், மூலை, மூடியின் உட்புறம், குழாய் வாய், மிதவை வால்வு எல்லாவற்றையும் நீண்ட கைப்பிடி பிரஷால் விரலுக்கு வழுக்கல் தட்டாதவரை தேய்த்து, அந்தத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். அதன் பிறகே பிளீச்சிங் பவுடர். 1,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேண்டும் என்றால் 50 கிராம் குளோரின். பவுடரில் 25 சதவீதம் குளோரின் இருந்தால் 200 கிராம். திறந்து வைத்த பழைய பவுடரில் வீரியம் போயிருக்கும், புதிதாக வாங்குங்கள். வாளியில் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் நிரம்பிய தொட்டியில் விட்டு, எல்லாக் குழாயையும் வாசனை வரும்வரை திறந்து மூடி, ஒரு நாள் நிறுத்தி வைக்க வேண்டும். குழாய்களும் அப்போதுதான் மருந்தில் ஊறும். பிறகு அவ்வளவையும் வடித்து, நல்ல தண்ணீரால் அலசி நிரப்ப வேண்டும். அந்த ஒரு நாள் தண்ணீரை ஒருவரும் குடிக்கக் கூடாது. "குடிக்காதீர்" என்று எழுதித் தொங்கவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். மருந்து ஊற்றிய தொட்டிக்குள் யாரையும் இறக்காதீர்கள். மருந்தில்லாத தொட்டியானாலும் ஆள் இறங்கினால் மேலே ஒருவர் நிற்க வேண்டும். இரண்டாவது, பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் கழுவும் ஆசிடையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைத்துவிடும்.

வீட்டுக்கும் இதே வரிசைதான். கூலர் தொட்டியைச் சீசன் முடிந்ததும் வடித்து, தேய்த்து, காயவைத்து மூடுங்கள். காய்ந்த பரப்பில் படலம் வளராது. பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில் மூடியில் உள்ள ரப்பர் வளையத்தைக் கழற்றித் தேயுங்கள். வழுக்கல் அங்கேதான் ஒளிந்திருக்கும். சமையல் மேடையில் கிருமிநாசினி தெளித்த கையோடு துடைத்துவிடாமல், லேபிளில் போட்டிருக்கும் நிமிடம் வரை ஈரமாகவே விடுங்கள். பரீட்சையில் மருந்துக்குக் கொடுத்த நேரத்தை நாமும் கொடுத்தால்தானே அந்த மதிப்பெண் நமக்கும் கிடைக்கும்?

மண்டபத் தொட்டிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று சொல்கிறார்கள். மாடி ஏற முடிந்த இளைஞர்கள் நான்கு பேர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று மணி நேரம் தந்தால் போதும். இரண்டு நீண்ட பிரஷும், குளோரின் பார்க்கும் சோதனைப் பெட்டியும் என் செலவில் வாங்கித் தருகிறேன். கடைசிக் குழாயில் நிறம் வருகிறதா என்று பார்க்க நானே கூட நிற்கிறேன்.